மந்தமான வயிறு, நின்றால் இறங்கும் பி.பி.: எதை முதலில் பார்ப்பது?

அம்மா வாந்தியெடுத்ததில் சிறுபயறு முழுசு முழுசாகக் கிடந்தது. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குக் கஞ்சியும் பயறும் சாப்பிட்டிருந்தாள். வாந்தி வந்தது காலை ஏழு மணிக்கு. பதினோரு மணி நேரம் வயிற்றுக்குள் கிடந்த பயறு அப்படியே வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான், இத்தனை நாள் நாங்கள் 'கேஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தது வேறு என்னவோ என்று எனக்கு உறைத்தது.

எங்கள் வீடு கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம். அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை வந்து 19 வருடம் ஆகிறது. ஒன்றரை வருடமாகவே நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். அப்புறம் ஓக்கானம், ஏப்பம், மேல்வயிறு ஊதிக்கொண்டு நிற்பது. பக்கத்துக் கிளினிக்கில் தந்த, அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோலும் வயிற்றைத் தள்ளும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூலை காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டே காலம் ஓடியது. பயறு வாந்திக்குப் பிறகு எண்டோஸ்கோப்பி செய்தோம். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து போயும் இரைப்பையில் சோற்றின் மிச்சம் இருந்தது. அடைப்பு எதுவும் இல்லை, புண்ணும் இல்லை. "இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. காஸ்ட்ரோபரேசிஸாக இருக்கலாம். சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கும்" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமே வீட்டில் மூன்று வழி வந்துவிட்டது. "இந்த வயசுல அங்கயும் இங்கயும் அலைய வைக்காதீங்க, மாத்திரையை மாத்தி வாங்கி, சாப்பாட்டைப் பார்த்துக் குடுங்க" என்றாள் நாகர்கோவில் சித்தி. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் அண்ணன், வயிறு காலியாகும் ஸ்கேன் எடுத்து உறுதி செய்யாமல் ஒரு மாத்திரைகூடப் போடக்கூடாது என்றான். துபாயிலிருந்து மைனியின் தம்பி, வாய் வழியாகக் குழாய் விட்டு செய்யும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, நேராக அதற்குப் போய்விடலாம் என்றான். எனக்கு மட்டும் வேறொரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. கட்டிலை விட்டு எழும்பும்போதெல்லாம் அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடப்பாள். "மக்களே, எழும்பினா கண்ணு இருட்டிட்டு வருது" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரியாகச் சாப்பிடாததால் வரும் கிறக்கம் என்று விட்டுவிட்டோம். வயிறும் கிறக்கமும் ஒரே வேரிலிருந்து வருகிறதா? அப்படியானால் முதலில் எதைப் பார்ப்பது?

நான் மருத்துவர் இல்லை. ஆனால் மூன்று வழியையும் விசாரித்து, சிலவற்றில் நடந்தும் பார்த்துவிட்டேன். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் நரம்பு. நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக நடக்கும் வேலைகளை, அதாவது இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, குடலின் அசைவு, சிறுநீர்ப்பை என எல்லாவற்றையும் நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். அதில் வேகஸ் என்று ஒரு நரம்பு. மூளைத் தண்டிலிருந்து புறப்பட்டு, இதயத்துக்கு ஒரு கிளை, நுரையீரலுக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டு, இரைப்பை, குடல் வரை இறங்குகிறது. சர்க்கரை நோய் பொதுவாக நீளமான நரம்புகளைத்தான் முதலில் கெடுக்கும். பாதம் மரத்துப்போவது அதனால்தான். வேகஸும் நீளமான நரம்புதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சானலை, அதாவது பாசனக் கால்வாயை வைத்துச் சொன்னால் புரியும். ஒரே சானலிலிருந்து இரண்டு வயலுக்கு ஓடை பிரிகிறது. ஒரு வயல் காய்ந்தால் சானலிலேயே தண்ணீர் இல்லையோ என்று சந்தேகப்படுவோம். பக்கத்து வயலையும் போய்ப் பார்ப்போம். அதுவும் காய்ந்திருந்தால் சந்தேகம் பலப்படும். இதயத்தின் நரம்பைச் சோதித்து வயிற்றின் நரம்பைப் பற்றி ஊகிப்பது இப்படித்தான். ஆனால் ஊகம் ஊகம்தான். சானலில் தண்ணீர் இருந்தும் ஒரு வயலின் மடை மட்டும் அடைந்திருக்கலாம். இரைப்பையின் சுவருக்குள்ளேயே கஹால் செல்கள் என்று உண்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று முறை இரைப்பையைச் சுருங்கச் சொல்லித் தாளம் போடுபவை அவைதான். அவை குறைந்துபோனாலும் வயிறு மந்தமாகும். அதனால் இதய நரம்புச் சோதனை நன்றாக வந்துவிட்டது என்பதற்காக வயிறும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சர்க்கரையே இல்லாமல், காரணம் தெரியாமல் வயிறு மந்தமானவர்களிலும் சிலருக்குத் தன்னியக்க நரம்புக் கோளாறு இருக்கிறது.

இனி வழிகளுக்கு வருகிறேன். நான் கடைசியில் முதலிடம் கொடுத்தது, மூன்று பேரில் யாருமே சொல்லாத ஒன்றுக்கு. வீட்டிலிருக்கும் பி.பி. மெஷின்தான் அது.

ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை அளக்க வேண்டும். எழும்பி நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு முறை அளக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் பிடிக்கத் தயாராக நிற்கவேண்டும், தனியாகச் செய்யக்கூடாது. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம். அம்மாவுக்குப் படுத்திருக்கையில் 148/82, நாடித்துடிப்பு 91. நின்று மூன்று நிமிடத்தில் 114/70, நாடி 95. மெஷினின் சின்னத் திரையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

எங்களுக்குப் பி.பி. எண்ணைவிட நாடி எண்தான் அதிகம் சொன்னது. வாந்தியால் உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தாலும் நின்றால் பி.பி. இறங்கும். ஆனால் நரம்பு நன்றாக இருந்தால் இதயம் உடனே வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். அம்மாவுக்கு மேல் எண் 34 இறங்கியும் நாடி நாலு துடிப்புதான் கூடியது. இறக்கத்தில் பாதி அளவுகூட நாடி ஏறாவிட்டால் கோளாறு நரம்பில் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று நரம்பியல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சும்மா படுத்திருக்கும்போதே நாடி தொண்ணூறுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்ததும் அந்தச் சந்தேகத்தோடு ஒத்துப்போனது. இதயத்தை மட்டுப்படுத்தி வைப்பது வேகஸின் வேலைகளில் ஒன்று.

பி.பி. மாத்திரை, சிறுநீர் பெருக்கும் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் நின்றால் பி.பி.யை இறக்கும். அமிட்ரிப்டிலின் வயிற்றையும் மந்தமாக்கும். அதனால் எண்களை எழுதி, போடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலோடு டாக்டரிடம் காட்டவேண்டும். நாமாக எதையும் நிறுத்தக்கூடாது.

இதோடு ஒரு இ.சி.ஜி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்துவிடலாம், பெரிய செலவில்லை. இவை இரண்டையும் நான் ஸ்கேனுக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் மாத்திரைகள்தான்.

டாம்பெரிடோனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கேஸ் என்று போய் நின்றாலே கிடைக்கும் கேப்சூலில் பாதி அதுதான். மூளைக்குள் அதிகம் நுழையாது என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்று அளக்கிறார்களே, ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்சார ரீதியில் மீண்டு வர எடுக்கும் நேரம், அதை நீட்டிவிடும். அது மிதமிஞ்சி நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு போட்டது. எங்கள் அம்மா ஒன்றரை வருடம் போட்டிருக்கிறாள், ஒரு இ.சி.ஜி.கூட எடுக்காமல். சர்க்கரையால் இதயத்தின் தன்னியக்க நரம்பு கெட்டவர்களுக்கு இந்த க்யூ.டி. ஏற்கெனவே நீண்டிருக்கக்கூடும். அதாவது எந்த நோய்க்காக மாத்திரை கொடுக்கிறோமோ, அதே நோய் அந்த மாத்திரையை ஆபத்தாக்குகிறது. ஸ்கேனில் இது தெரியாது. இ.சி.ஜி.யில் தெரியும். அம்மாவுக்கு 472 மில்லிசெகண்ட் வந்தது. பெண்களுக்கு 460ஐத் தாண்டினாலே கவனிப்பார்கள், 500ஐத் தாண்டினால் பயப்படவேண்டிய கட்டம். டாக்டர் அன்றே டாம்பெரிடோனை நிறுத்தினார். சளிக்குத் தரும் அசித்ரோமைசின், எரித்ரோமைசின், வாந்திக்குப் போடும் ஒண்டான்செட்ரான் ஆகியவையும் அதே இடைவெளியை நீட்டக்கூடியவை என்பதால், வேறு எந்தக் கிளினிக்கில் காட்டினாலும் முதலில் இதைச் சொல்லச் சொன்னார்.

சரி, டாம்பெரிடோன் இல்லாவிட்டால் வேறென்ன? மெட்டோகுளோபிரமைடு வாந்தியையும் அடக்கும், வயிற்றையும் தள்ளும். ஆனால் மூளைக்குள் போகிறது. நீண்ட நாள் போட்டால் வாய், நாக்கு, முகம் தானாக அசையும் கோளாறு வரலாம், மாத்திரையை நிறுத்திய பிறகும் அது சிலருக்குப் போவதில்லை. வயதான பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல். அமெரிக்காவில் 2009 முதல் இதற்குக் கடுமையான எச்சரிக்கை அச்சிடுகிறார்கள், 12 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். லெவோசல்பிரைடு நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகிறது. கை நடுக்கம், உடம்பு விறைப்பு, நடை மெதுவாவது என்று பார்க்கின்சன் போன்ற தொந்தரவு வயதானவர்களுக்கு அதனால் வரலாம். வயசாச்சு, நடுங்குது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். எரித்ரோமைசின் குறைந்த அளவில் வயிற்றை வலுவாகத் தள்ளும், ஆனால் சில வாரங்களில் வேலை செய்வது குறைந்துவிடும், க்யூ.டி.யையும் நீட்டும். இட்டோபிரைடு இதயத்தைப் பொறுத்தவரை சாந்தமானது. ஆனால் காஸ்ட்ரோபரேசிஸில் அது எவ்வளவு உதவும் என்பதற்கான சான்று பலமானதில்லை. புருகலோபிரைடு மலச்சிக்கலுக்கான மாத்திரை, இரைப்பையையும் கொஞ்சம் வேகப்படுத்தும். தன்னியக்க நரம்பு கெட்டவர்களில் பலருக்கு மலச்சிக்கலும் சேர்ந்து இருப்பதால் அது ஒரு கல்லில் இரண்டு மாங்காய், சிறுநீரகத்தைப் பார்த்து அளவு குறைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அம்மாவுக்கு இப்போது இட்டோபிரைடு ஓடுகிறது. அது அம்மாவின் எண்களைப் பார்த்து எழுதியது, உங்கள் வீட்டுக்கு அதுவே சரி என்று அர்த்தமில்லை.

இப்போது அண்ணனின் ஸ்கேன். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அடைப்பில்லை என்று எண்டோஸ்கோப்பியில் தெரிந்தபின், வயிறு உண்மையிலேயே தாமதமாகக் காலியாகிறதா என்று சொல்லக்கூடிய சோதனைகளில் உலகம் முழுக்க நம்புவது இதைத்தான். பட்டினி கிடந்தும் சோறு மிச்சமிருந்தது என்பது சந்தேகத்துக்குத்தான் போதும். இதேபோல் வயிறு நிறைந்து ஓக்கானிக்கும் பலருக்கு, வயிறு சரியான நேரத்துக்கே காலியாவதுண்டு. அவர்களுக்கு வைத்தியம் வேறு.

டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு கலந்த உணவைச் சாப்பிடச் சொல்லி, கேமரா முன்னால் நிற்க வைத்து, சாப்பிட்ட உடனே, ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி நேரத்தில் படம் எடுப்பார்கள். மேல்நாட்டு முறையில் முட்டை வெள்ளைக்கரு, ரொட்டி, ஜாம். நம் தெற்கே இட்லியில் கலந்து கொடுக்கும் முறையும் உண்டு. அம்மாவுக்குக் கிடைத்தது இட்லிதான். சட்னி, சாம்பார் எதுவும் இல்லாமல், பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றதால், ஒவ்வொரு விள்ளலையும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விழுங்கினாள். ரொட்டி முறையில் இரண்டு மணி நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேல், அல்லது நாலு மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றில் மிச்சமிருந்தால் தாமதம் என்று கணக்கு. இட்லி முறைக்கு அந்தந்த மையம் தன் அளவை வைத்திருக்கும். அம்மாவுக்கு நாலாவது மணி நேரத்தில் 31 சதவீதம் மிச்சமிருந்தது.

ஸ்கேனுக்குப் போக முடிவு செய்தால் மூன்று விஷயத்தைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். நாலு மணி நேரம் வரை படம் எடுப்பார்களா? இரண்டு மணி நேரத்தோடு முடித்தால் சிலருடைய தாமதம் பிடிபடாமல் போகும். வயிற்றை வேகப்படுத்தும், மந்தப்படுத்தும் மாத்திரைகளை எத்தனை நாள் முன்னால் நிறுத்தவேண்டும்? பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் சொல்வார்கள். வாரம் ஒரு முறை ஊசியாகப் போடும் செமாக்ளுடைடு போன்ற மருந்து ஓடினால் அதையும் சொல்லவேண்டும், அதுவே வயிற்றை மெதுவாக்கும். மூன்றாவது, அன்று காலை சர்க்கரை எவ்வளவுக்குள் இருக்கவேண்டும்? 275ஐத் தாண்டினால் சோதனையைத் தள்ளிவைப்பது வழக்கம், ஏனென்றால் கூடின சர்க்கரையே இரைப்பையைத் தூங்க வைத்துவிடும். முதல் தடவை நாங்கள் போனபோது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மாவின் சர்க்கரை 302 காட்டியது, திரும்பி வந்தோம். வந்த பஸ்ஸிலேயே அம்மா இரண்டு தடவை வாந்தியெடுத்தாள்.

எங்கே போவது என்பது எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்குத் தனிக் கேள்வி. இந்த ஸ்கேனுக்கு நியூக்ளியர் மெடிசின் பிரிவு வேண்டும். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரமும் நாகர்கோவிலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். 1956 நவம்பர் 1 வரை இந்த விளவங்கோடு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது, வயதானவர்களுக்கு இன்னும் பெரிய வியாதி என்றால் கால் தானாகத் திருவனந்தபுரத்துக்குத்தான் போகும். மருத்துவக் கல்லூரி, அதே வளாகத்திலேயே நரம்புக்கும் இதயத்துக்குமான ஸ்ரீ சித்திரை நிறுவனம், தனியார் ஆஸ்பத்திரிகள் என்று அங்கே எல்லாப் பிரிவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வசதி. மலையாளம் பேச எங்களுக்குச் சிரமமில்லை, ஓக்கானம் இரண்டு மொழியிலும் ஓக்கானம்தான். ஆனால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், பஸ் ஏறும் முன் அந்த ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். அட்டையை நம்பியிருக்கும் குடும்பம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கி, அங்கிருந்து எழுதிக் கொடுக்கும் இடத்துக்குப் போவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். நாங்கள் பி.பி., இ.சி.ஜி., தொடர் வைத்தியம் எல்லாவற்றையும் இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, ஸ்கேனுக்கும் நரம்புச் சோதனைக்கும் மட்டும் அந்தப் பக்கம் போனோம். மாதாமாதம் அலைய வேண்டியதில்லை.

நரம்புச் சோதனை என்று நான் சொல்வது, எடின்பரோவில் எவிங், கிளார்க் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்த ஐந்து சின்னச் சோதனைகளின் தொகுப்பு. எவிங் சோதனை என்று கேட்டாலே தெரியும். கையில் ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று ஆழமாக இழுத்து விடச் சொல்லி, மூச்சு இழுக்கையில் கூடும் துடிப்புக்கும் விடுகையில் குறையும் துடிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது ஒன்று. நல்ல நரம்புக்கு 15 துடிப்புக்கு மேல் வித்தியாசம் இருக்கும், 10க்குக் கீழே போனால் கோளாறு. வயது ஏற ஏற இது இயல்பாகவே குறையும், அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அம்மாவுக்கு 4. எழும்பி நிற்கும்போது துடிப்பும் பி.பி.யும் எப்படி மாறுகின்றன, கையை இறுக்கிப் பிடித்தால் பி.பி. ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள். குழாயில் ஊதி அழுத்தத்தை 15 விநாடி பிடித்து வைக்கும் ஒரு சோதனையும் இதில் உண்டு. சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் அதைச் செய்யும் முன் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும், மூச்சை அடக்கி முக்குவது கண்ணுக்குக் கெடுதல். அம்மாவுக்குக் கண்ணில் லேசர் செய்திருந்ததால் அதை விட்டுவிட்டார்கள்.

இதன் குறை என்ன? மேலே சொன்ன சானல் கதைதான். இது வயிற்றைப் பார்ப்பதில்லை. வயிறு மந்தமா இல்லையா என்ற கேள்விக்கு இது பதில் தராது. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு இது தரும் வேறு பதில்கள் பெரியவை. இதய நரம்பு கெட்டிருந்தால் மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல் வரலாம். சர்க்கரை தாழும்போது வரும் வியர்வை, படபடப்பு போன்ற எச்சரிக்கைகள் வராமலே போகலாம். வீட்டில் பி.பி. அளந்து பெரிய இறக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த முழுத் தொகுப்பும் அவசரமில்லை, டாக்டர் ஏற்கெனவே பாதி தெரிந்துகொண்டிருப்பார். இறக்கம் தெரியாமல், ஆனால் பாதம் மரப்பு, சாப்பிடும்போது முகத்தில் மட்டும் வியர்வை, சிறுநீர் முழுசாகப் போகாத உணர்வு என்று இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும். சர்க்கரையே இல்லாத இளவயதுப் பெண் ஒருத்திக்கு வயிறு மந்தமாகி, நின்றால் பி.பி. இறங்காமல் துடிப்பு மட்டும் பத்து நிமிடத்துக்குள் 30க்கு மேல் கூடினால் அது போட்ஸ் என்ற வேறு கோளாறாக இருக்கலாம். அவள் விஷயத்தில் ஸ்கேனையும் நரம்பு மருத்துவரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

சித்தி சொன்ன வழியை நான் கடைசியில் வைக்கவில்லை. மாத்திரை மாற்றுவதில் அவள் அவசரப்பட்டாள், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவள்தான் சரி. எந்தச் சோதனைக்கும் காத்திராமல் அன்றைக்கே தொடங்கக்கூடியது அது. சிக்கல் என்னவென்றால், சர்க்கரைக்கு 19 வருடமாகச் சொல்லித்தந்த பத்தியம் மந்த வயிற்றுக்கு நேர் எதிர். தோலோடு பயறு, சம்பா அரிசி, முருங்கைக்கீரை, பச்சைக் காய்கறி, நார் நார் என்றுதான் கேட்டு வந்திருக்கிறோம். மந்த வயிற்றில் நார் தங்கும், உருண்டுகூடக் கட்டியாகும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), சக்கை (பலா), தேங்காய் துருவிப் போட்ட துவரன், பொரித்த மீன் என்று எல்லாமே வயிறு அரைக்கக் கஷ்டப்படும் சமாசாரம். தேங்காயைக் கைவிடச் சொன்னால் குமரி மாவட்டத்துப் பெண்பிள்ளை என்ன செய்வாள்? பால் பிழிந்து, அதையும் கொஞ்சமாக ஊற்றினோம். கொழுப்பு வயிற்றை மெதுவாக்கும், ஆனால் திரவமாக இருந்தால் பலர் ஓரளவு தாங்குகிறார்கள்.

2014இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று, இன்சுலின் போடும் மந்த வயிற்றுக்காரர்களுக்கு உணவைச் சின்னத் துகளாக மசித்துக் கொடுத்தால் ஓக்கானமும் வாந்தியும் வயிறு நிறைவும் குறைவதாகக் கண்டது. அதை வைத்து எங்கள் அடுப்பில் ஆனவை இவை: குழைய வேகவைத்து மத்தால் கடைந்த கஞ்சி, தோல் நீக்கிய பாசிப்பருப்பு, இட்லி, இடியாப்பம், முள் எடுத்து உதிர்த்த வேகவைத்த மீன், மசித்த பூசணி, மோர். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் கிண்ணம். சாப்பிட்டுப் படுக்கக்கூடாது. ஒரே தடவையில் நிறையச் சாப்பிட்டால் பி.பி.யும் இறங்கும் என்பதால் சின்னக் கிண்ணம் கிறக்கத்துக்கும் உதவியது. இன்சுலின் நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றியதுதான் பெரிய மாற்றம். சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டால், சோறு வயிற்றிலேயே நிற்க, ஊசி மட்டும் வேலை செய்து ஒன்பது மணிக்குச் சர்க்கரை 58 காட்டும். நள்ளிரவுக்கு மேல் சோறு மெல்ல இறங்கி 290 காட்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை ராத்திரி அம்மாவை, ஒளித்து வைத்து இனிப்பு தின்றாயா என்று கேட்டிருக்கிறோம்.

துபாய் வழியைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. இரைப்பையின் வாசல் தசையை எண்டோஸ்கோப்பி வழியாக வெட்டித் தளர்த்தும் ஜி-போயம் முறையை முதன்முதலில் மனிதரில் செய்தது 2013இல். செய்வதுபோலக் காட்டி உண்மையில் செய்யாத போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட செக் நாட்டு ஆய்வு 2022இல் வந்தது. உண்மையில் செய்தவர்களில் 71 சதவீதம் பேருக்கு, போலியாகச் செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்குப் பலன். நல்ல எண்தான், ஆனால் அது ஸ்கேனில் உறுதியாகி, மாத்திரை கேட்காத, கடுமையாக அவதிப்படுபவர்களுக்கு. வயிற்றில் மின்சாரக் கருவி பதிப்பதும் அப்படித்தான். அது வாந்தியைக் குறைக்கிறது, வயிற்றை வேகப்படுத்துவதில்லை. இரண்டுக்கும் முன்னால் ஸ்கேனும் நரம்பு நிலவரமும் எப்படியும் கேட்பார்கள்.

ஆக எங்கள் வீட்டில் போன வரிசை: எண்டோஸ்கோப்பி முடிந்த மறுநாளே படுத்தும் நின்றும் பி.பி., அதே வாரம் இ.சி.ஜி., அன்றைக்கே மசித்த சாப்பாடு, மூன்று வாரம் கழித்து ஸ்கேன், அதன் பிறகு எவிங் சோதனை. அம்மாவுக்கு எடை குறைந்துகொண்டே போயிருந்தாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியெடுத்திருந்தாலோ இந்த வரிசையெல்லாம் பார்க்காமல் நேராக அட்மிட் செய்திருப்போம்.

கிறக்கத்துக்கு டாக்டர் பி.பி. மாத்திரையின் நேரத்தை மாற்றினார். எழும்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், கட்டிலில் கால் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம், அப்புறம் நிற்பது என்று பழக்கினோம். அம்மா இன்னும் நிலைப்படியைப் பிடிக்கிறாள். ஆனால் இப்போது பிடித்து உடனே விட்டுவிடுகிறாள்.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு முழுக் காகிதத்தில் நாலு வரி எழுதி ஃபைலின் மேலேயே ஒட்டியிருக்கிறேன். வயிறு தாமதமாகக் காலியாகும், ராத்திரி சாப்பிட்டது காலையிலும் இருக்கலாம். நின்றால் பி.பி. 34 இறங்கும், மேசையிலிருந்து சட்டென்று எழுப்ப வேண்டாம். க்யூ.டி. 472, டாம்பெரிடோன், ஒண்டான்செட்ரான் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சர்க்கரை தாழ்ந்தால் அவளுக்கே தெரியாது, ஊசி குத்திப் பாருங்கள்.